மூன்று பக்க விண்ணப்பம்

சுதர்ஷினிக்கு உட்கார முடியவில்லை. எழுந்து நின்றாலும் கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றுப் படுத்திருக்கும் அக்காள் வினோதாவுக்கு வெள்ளிக்கிழமை டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தாய்வீட்டுக்குத்தான் வருவாள். அவள் பிள்ளையோடு படுக்கவேண்டிய மூலைக்கு மேலே லயத்து வரிசைவீட்டின் கூரைத் தகரம் உக்கி, வானம் தெரிகிறது. கீழே இரண்டு வாளிகள்.

தேயிலைத் தோட்ட ஆபீசில் வாயால் சொல்லிப் பார்த்தாயிற்று. "இங்கிலீஷ்ல எழுதிக் குடுங்க" என்றுவிட்டார்கள்.

சுதர்ஷினிக்கு வேலை பொகவந்தலாவை பஜாரில், ரிஸ்வி நானாவின் போன் கடையில். இங்கிலீஷ் வாசித்தால் விளங்கும். எழுத உட்கார்ந்தால் நாலு வரி வரும். நாலும் வெட்கப்பட்டுக்கொண்டு வரும். அந்த வெட்கத்தைப் போக்கத்தான் எட்டு மாதமாக, மருந்துக்கடை மாடியில் மதுரன் சார் நடத்தும் 'கிரேண்ட் இங்கிலீஷ் அகடமி'க்கு ஞாயிறுதோறும் போகிறாள். சார் டை கட்டியிருப்பார். டையில் சிங்கம் இருக்கும்.

அவளுடைய நாலு வரியைப் பார்த்ததும் சார் சிரித்தார்.

"இது கடிதமாம்மா? தொரைக்கு எழுதுறப்ப ஒரு கம்பீரம் வேணாமா?"

சிவப்புப் பேனா இறங்கியது. நாலு வரி மூன்று பக்கமாகப் பெருத்தது. முதல் பக்கம் முழுக்கத் தோட்டத்தை நடத்தும் துரையின் கீர்த்தி. மூன்றாம் பக்கம் முழுக்கச் சாகும்வரை மறவாத நன்றி.

"சார், தகரம் எங்கங்க?"

"ரெண்டாம் பக்கத்துல, நடுவுல வருதும்மா. மொதல்ல ஆளைக் குளிர வைக்கணும்."

'மழையே குளிர வைக்குதே' என்று நினைத்தாள். ஆனாலும் 'சரிங்க சார்' என்று தாள்களை வாங்கிக்கொண்டாள். சார் அல்லவா!

திங்கட்கிழமை கடிதம் ஆபீசுக்குப் போனது. செவ்வாய், புதன் இரண்டு நாளும் கடையில் போன் அடித்தால் துள்ளினாள். ரிப்பேருக்கு வந்த போன் அடித்தாலும் துள்ளினாள்.

வியாழன் காலை பஸ்ஸுக்குப் போகும் வழியில், வேலையாட்கள் கூடும் பெரட்டுக்களத்தில் கூட்டம். கொழுந்து பறிக்கப் போகும் பெண்களை வேலைக்குப் பிரித்துவிடும் கண்டாக்கு அழகுமுத்து, குடைக்குள் நின்று தொண்டையைச் செருமினார்.

"ஏழாம் லயத்து ஆளுங்க நம்ம தொரைக்கு நன்றிக் கடிதம் எழுதியிருக்காங்க! தொரைக்கு சந்தோசம்னா அப்பிடி ஒரு சந்தோசம். பத்து மணிக்கு கொழும்பு கம்பனி ஆளுங்க அதைப் பாக்க வாராங்க. எல்லாரும் கைதட்டுங்க!"

எல்லாரும் தட்டினார்கள். சுதர்ஷினியின் அம்மா ராக்காயி ஒருபடி சத்தமாகவே தட்டிவிட்டு மகள் பக்கம் திரும்பினாள்.

"என்னா புள்ள, தகரம் குடுத்துட்டாங்களாமா?"

"இல்லம்மா. நீங்க அதுக்கு நன்றி சொல்லிட்டீங்க."

களத்தை ஒட்டிய ஆபீஸின் அறிவிப்புப் பலகையில் முதல் பக்கமும் மூன்றாம் பக்கமும் பளபளவென்று ஒட்டப்பட்டிருந்தன. ஆபீசில் எந்தக் கடிதத்துக்கும் தலையும் காலும் பார்ப்பதுதான் பழக்கம். வயிற்றைப் பார்க்க யாருக்கு நேரம்? இரண்டாம் பக்கத்தைக் காணோம்.

சந்தியில் பஸ் ஹார்ன் அடித்தது. சுதர்ஷினி போகவில்லை. கைப்பையில் கிடந்த கடை ரசீதுப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து, சுவரில் வைத்து இங்கிலீஷில் எழுதினாள். இந்த முறை வரிகள் வெட்கப்படவில்லை.

'ஐயா, இரண்டாம் பக்கம் இதுதான். ஏழாம் லயம், மூன்றாம் வீட்டுக் கூரை ஓட்டை. நாளை ஆறு நாள் பிள்ளை வருகிறது. ஆறு தகரம் அனுப்புங்கள்.'

பையிலேயே இருந்த கடை டேப்பால் இரண்டு பக்கங்களுக்கும் நடுவே ஒட்டினாள்.

"அடியே, கழட்டு! கொழும்பு ஆளுங்க பாத்துட்டா?" என்று ஓடி வந்தார் அழகுமுத்து.

"பாக்கத்தான் ஒட்டியிருக்கேன் அண்ணே. கழட்டுனா, ஒண்ணுக்கப்புறம் மூணு எப்பிடி வந்துச்சுன்னு கேப்பாங்க. நீங்களே பதில் சொல்லிக்கங்க."

அண்ணன் நீட்டிய கையை மெல்லக் குடைப்பிடிக்கே திருப்பிக்கொண்டார்.

பத்து மணிக்கு வந்த கொழும்பு ஆட்கள் நடுத்தாளையும் வாசித்துவிட்டுப் போனார்கள். சாயங்காலம் டிராக்டரில் தகரம் வந்தது. கேட்டது ஆறு, வந்தது ஐந்து. வெள்ளிக்கிழமை வினோதாவின் பிள்ளை காய்ந்த மூலையில் படுத்துக் கொட்டாவி விட்டது. ஒரு வாளி மட்டும் கதவோரம் நகர்ந்து இன்னும் சொட்டு வாங்கியது.

விஷயம் ஞாயிற்றுக்கிழமைக்குள் மதுரன் சார் காதுக்கு எட்டிவிட்டது.

"நம்ம அகடமி மாணவியோட கடிதம்! கிளாசுக்குக் காட்டும்மா."

ரசீதுத் தாளை மட்டும் போனில் எடுத்திருந்த படத்தைச் சார் பெரிதாக்கிப் பார்த்தார்; சின்னதாக்கிப் பார்த்தார். முகம் தொங்கியது.

"நான் சொல்லிக்குடுத்த இங்கிலீஷ் ஒண்ணும் இதுல இல்லையேம்மா?"

"அது ரெண்டு பக்கமும் பலகையில பத்திரமா இருக்குங்க சார்."

ஜன்னலில் மழை தட்டியது. கதவோர வாளி நிறைந்திருக்கும். சுதர்ஷினி ரசீதுப் புத்தகத்தைத் திறந்து, வராத ஆறாவது தகரத்துக்கு ஐந்தாவது வரியை எழுதத் தொடங்கினாள்.