வெருகலுக்குப் போன சேலைன்

றம்லாவின் உத்தியோகத்தின் பெயர் அவளுடைய உம்மாவின் வாயில் நுழையவே இல்லை. கிண்ணியாவில் யாராவது கேட்டால், "மகள் மருந்து ஸ்டோரில வேலை" என்று சொல்லி முடித்துவிடுவா. றம்லா படித்தது வேறு. பொருள் எங்கே கிடக்கிறது, எங்கே தேவை, எந்த வாகனம், எந்த வழி, எத்தனை நாள் என்பதையெல்லாம் தபால்மூலம் ஒன்றரை வருடம் படித்து டிப்ளோமா எடுத்தவள். அந்தப் புத்தகங்களில் களஞ்சியத்திலிருந்து சனத்துக்குப் போகும் அம்புக்குறிகள் நேராகவே போகும். திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் ஒரு நிவாரண நிறுவனத்தில் சேர்ந்த பிறகுதான், ஒரு பெட்டி இராணுவச் சாவடிகளைத் தாண்டி வெருகலுக்குப் போக ஆறு கையெழுத்து வேண்டும் என்று கண்டாள்.

அது 2006. மூதூர்ப் பக்கத்துச் சண்டைக்குப் பயந்து ஓடிய சனம் வெருகல் கோயிலைச் சுற்றிக் கொட்டில் போட்டு இருந்தது. அங்கே நிறுவனத்துக்கு ஒரு சின்ன மருந்தகம். அதைப் பார்த்துக்கொண்டவர் சோமசேகரம் என்ற ஓய்வுபெற்ற அப்போதிக்கரி, டொக்டர் இல்லாத இடத்தில் வைத்தியம் பார்க்கும் ஆள். தினமும் காலை பத்து மணிக்கு அலுவலகத்தின் தொடர்பு றேடியோவில் பேச வருவார். றம்லா அவருடைய முகத்தைக் கண்டதில்லை.

"தங்கச்சி, வயித்தோட்டம் தொடங்கிட்டுது. ரெண்டு பிள்ளையள் செத்துப்போச்சுதுகள். கிணத்துத் தண்ணி சரியில்லை. குளோரின் வேணும், சேலைன் வேணும், கரைச்சுக் குடுக்கிற ஜீவனி பக்கற் வேணும். ஓவர்."

"எல்லாம் இஞ்ச இருக்கு ஐயா. பேமிற் எடுத்த உடன அனுப்புறன். ஓவர்."

எல்லாம் இருந்ததுதான். தண்ணீரில் போடும் குளோரின் பவுடர் பன்னிரண்டு பீப்பாய். நரம்பில் ஏற்றும் சேலைன் நாற்பது பெட்டி. பேமிற் என்ற அந்த அனுமதிக் கடிதத்தின் ஆறு கையெழுத்துகளுக்கும் எட்டு நாள் எடுத்தது. ஒன்பதாம் நாள் விடிய, சாரதி ஆனந்தராசா லொறியைக் கந்தளாய் வழியால் கொண்டுபோனான். பின்னேரம் அதே சுமையோடு திரும்பி வந்தான்.

"கடைசிச் சாவடியில மறிச்சிட்டாங்கள், மிஸ். குளோரினில குண்டு செய்யலாமாம்."

"அப்ப குளோரினை இறக்கிப்போட்டு மிச்சத்தைக் கொண்டு போயிருக்கலாமே, அண்ணை?"

"கேட்டனான். பட்டியல் ஒண்டுதானாம். போறதெண்டா எல்லாம் போகோணும், இல்லாட்டி ஒண்டும் போக ஏலாதாம்."

களஞ்சியப் பொறுப்பாளர் பாக்கியரத்தினம் அவளைக் கூப்பிட்டார். ஒரு இடத்துக்கு ஒரு நேரத்தில் ஒரு விண்ணப்பம்தான் எடுப்பார்கள் என்றார். ஒன்றில் குளோரினை விட்டுவிட்டு சேலைனுக்கு மட்டும் புதிதாகக் கேட்கலாம். அல்லது இதே பட்டியலை மேலிடத்துக்கு அனுப்பிக் குளோரினுக்கு விசேட அனுமதி கேட்கலாம். மூன்று நாளில் தருவதாகச் சொல்கிறார்கள்.

"நீங்கள்தான் இதைப் படிச்ச ஆள். என்ன செய்வம்?" என்றார்.

றம்லா நின்றபடியே யோசித்தாள். சேலைன் ஏற்றி எழுப்பின பிள்ளை திரும்பவும் அதே கிணற்றுத் தண்ணியைத்தானே குடிக்கப் போகிறது. குளோரின் இல்லாமல் எத்தனை பெட்டி அனுப்பியும் முடியாது. மூன்று நாள்தானே.

"ரெண்டும் சேர்ந்தே போகட்டும், சேர்."

மூன்று நாள் ஐந்தாகியது. ஐந்து எட்டாகியது. கிண்ணியாவிலிருந்து பாதை என்ற மிதவைப் படகில் துறையைக் கடந்து, பஸ் எடுத்து, அவள் நேரத்தோடேயே றேடியோவடியில் வந்து இருப்பாள். பத்து மணிக்கு அந்தக் குரல் வரும்.

"செத்தது இப்ப நாலு, தங்கச்சி. ஓவர்."

பிறகு ஒருநாள் ஆறு என்றார். தேசிக்காய்த் தண்ணியும் உப்பும் கரைத்துக் கொடுப்பதாகச் சொன்னார், ஆனால் சீனி முடிந்துவிட்டதாம். அவர் அவளை ஒருநாளும் ஏசவில்லை. "எப்ப வரும்?" என்று மட்டும் கேட்பார். அவள் "நாளைக்கு" என்பாள். ஒன்பதாம் நாள் அந்தச் சொல்லைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"சரி, தங்கச்சி. விளங்குது. ஓவர்."

பதினோராம் நாள் அவளே போய் அந்த விண்ணப்பத்தைத் திருப்பி எடுத்தாள். சேலைனுக்கும் ஜீவனிக்கும் மட்டும் புதுப் பட்டியல் எழுதினாள். அதற்கான அனுமதி நாலே நாளில் வந்துவிட்டது. நாலே நாள்! கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கட்டிலேயே இருந்துவிட்டாள்.

லொறி புறப்பட்ட காலை பத்து மணிக்குச் சோமசேகரம் வரவில்லை. பத்தரைக்கும் கூப்பிட்டாள். இரைச்சல்தான் கேட்டது.

ஆனந்தராசா மறுநாள் மத்தியானம் வெறும் லொறியோடு வந்தான். கதிரையில் இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை.

"சாவடியில ஒரு கதையும் கேக்காமல் விட்டாங்கள், மிஸ். அப்பவே ஏதோ பிழையெண்டு யோசிச்சனான். அங்க ஒருத்தரும் இல்லை. முதல்நாள் முழுக்க ஷெல்லாம். சனம் ஆத்தைக் கடந்து வாகரைப் பக்கம் போயிட்டுது. கொட்டிலுகளில சட்டிபானை அப்பிடியே கிடக்கு. மருந்தகம் பூட்டிக் கிடந்தது."

"சேலைன்?"

"திருப்பிக் கொண்டுவாறதெண்டா அதுக்கும் பேமிற் வேணுமாம். விறாந்தையில அடுக்கிப்போட்டு வந்தனான். கையெழுத்து வைக்க ஆளில்லை."

நாற்பது பெட்டியும் அங்கே வெக்கையில் கிடக்கும். றம்லா கைகழுவப் போவதுபோல் எழும்பிப் போய்க் குசினியில் நின்று அழுதாள். யாரும் அவளைக் குறைசொல்லவில்லை. "புத்தகப்படி நீங்கள் எடுத்த முடிவு சரிதான்" என்று பாக்கியரத்தினம் இரண்டு தரம் சொன்னார். இரண்டாம் தரம் அவள் அவரை நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

ஐப்பசி பிறந்த பிறகு, வேறொரு நிறுவனத்தின் வாகனம் வாகரைக்குப் போனது. சோமசேகரம் அங்கே ஒரு முகாமில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, அதை ஓட்டிப் போன பாயிஸிடம் ஒரு துண்டு கொடுத்துவிட்டாள். சுகம் விசாரித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தாள்: முதல் லொறி திரும்பிய உடனேயே சேலைனை மட்டும் தனியாக அனுப்பியிருந்தால் என்ன நடந்திருக்கும்?

உம்மாவிடமும் இதே கேள்வியைக் கேட்டிருந்தாள். "அல்லாஹ்ட நாட்டம், மகள்" என்று தலையைத் தடவிவிட்டா. அவளுக்கு அந்தப் பதில் போதவில்லை. உண்மை தெரிந்த ஆள் ஒருவர்தான்.

ஒரு கிழமையில் பதில் வந்தது. கொப்பித் தாளில் சாய்வான பழைய எழுத்து.

"தங்கச்சி, மொத்தம் பதினொரு பேர். அதில் ஏழு பேர் உங்கள் முதல் லொறி திரும்பின பிறகு செத்தவர்கள். சேலைன் மட்டும் வந்திருந்தால் ஐந்து பேரையாவது தப்ப வைத்திருப்பேன். ஆறுதலுக்குப் பொய் எழுத எனக்குத் தெரியாது. நீங்கள் கேட்டபடியால் எழுதுகிறேன். இங்கேயும் தண்ணி அதே மாதிரித்தான்."

கடைசி வரியை அவள் திரும்பத் திரும்ப வாசித்தாள். பிறகு பாக்கியரத்தினத்திடம் போய், பீப்பாய்களை வாகரைக்கு அனுப்ப ஏலுமா என்று கேட்டாள்.

"அது மட்டக்களப்பு மாவட்டம், பிள்ளை. எங்கட கையில இல்லை."

"மட்டக்களப்பு ஆக்களிட்ட குளோரின் இருக்கோ, சேர்?"

"இருக்காது" என்றார் அவர்.

றம்லா தன்னுடைய மேசைக்குத் திரும்பி வந்து, அந்தத் தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். அவளுடைய மேசையில் அன்று செய்வதற்கு ஒரு வேலையும் இருக்கவில்லை. வெருகல் வழி முற்றாக மூடப்பட்டிருந்தது. நாலு மணிவரை அப்படியே இருந்துவிட்டு, பாதையைப் பிடிக்க எழும்பினாள்.