கோர்னி கடை ஈஸ்ட்

அகநேத்தா டுவெக் கோர்னியின் கடைக்குள் நுழைந்தபோது நான் டப்பா மீன் அடுக்குக்குப் பின்னால் நின்றிருந்தேன். ஒட்டுக்கேட்க அல்ல, மீன் விலை ஏறியிருக்கிறதா என்று பார்க்க. அவள் கையில் ஒரு வாளி. அதன் அடியில் பிசைந்த மாவு, காலையில் எப்படி வைத்தாளோ அப்படியே உப்பாமல் கிடந்தது. நாளை அவளுடைய மாமனாரின் அடக்கம். முடிந்ததும் சபை மொத்தமும் ஆலயத்தின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து, பெரிய உருண்டைமேல் குட்டி உருண்டை வைத்துச் சுட்ட அவளது பன்னைக் காப்பியில் நனைத்துத் தின்னும். எங்கள் ஊரில் ஒரு மருமகள் எப்படிப்பட்டவள் என்று அன்றைக்குத்தான் தீர்ப்புச் சொல்வார்கள்.

எங்கள் மெனோனைட் கிறிஸ்தவ சபையில் ஒரு சகோதரன்மேல் குறையென்றால் முதலில் அவனிடம் தனியாகப் போய்ச் சொல்ல வேண்டும். கேட்காவிட்டால் ஒன்றிரண்டு சாட்சிகளோடு. அதற்கும் மசியாவிட்டால்தான் சபையில். முதல் கட்டத்தில் எனக்கு இடமில்லை. கோர்னி சீக்கிரம் மசிந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன்.

"கோர்னி அண்ணே, இந்த ஈஸ்ட் பாக்கெட்டப் பாருங்க. தேதி மார்ச்சோட முடிஞ்சிருச்சு. இப்ப அக்டோபர்."

"தேதி கம்பெனிக்காரன் போடறதும்மா. ஈஸ்ட்டுக்குக் காலண்டர் பாக்கத் தெரியுமா? நீதான் தண்ணியக் கொதிக்கக் கொதிக்க ஊத்தி அதக் கொன்னிருப்ப."

"நானா?"

"உன் மாமனாரே சொல்வாரு, உன் பன்னக் காப்பியில போட்டா குவளைதான் உடையும்னு."

செத்தவரை இழுத்தது அதிகம்தான். அகநேத்தாவின் கழுத்து சிவந்தது. வாளியை அவன் தலையில் கவிழ்க்கப்போகிறாள் என்று எட்டிப் பார்த்தேன்.

"டீனாக்கா, மீன் பாத்தது போதும். வாங்க, சாட்சி வேணும்."

போனேன். கடையின் ஈஸ்ட் பெட்டியிலிருந்து இன்னொரு பாக்கெட்டை அவள் எடுத்துவைத்தாள்.

"தண்ணி நீங்களே கலக்குங்கண்ணே. சர்க்கரையும் உங்களோடதே. நுரைச்சா தப்பு என்னோடது, நாளைக்குக் கடை பன் வாங்கி வைக்கிறேன். நுரைக்கலன்னா, உங்க சம்சாரம் வீட்ல வச்சிருக்கற ஈஸ்ட்ட இப்பவே கொண்டாங்க."

கோர்னியின் மனைவி தனக்கு மட்டும் டவுனில் போய் ஈஸ்ட் வாங்குவது ஊருக்கே தெரியும். அவனிடம்தான் யாரும் சொன்னதில்லை. அவன் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

தன் காப்பிக் குவளையைக் கழுவி, மணிக்கட்டில் தண்ணீரைச் சொட்டிச் சூடு பார்த்து, சர்க்கரையைக் கரண்டியால் கலக்கி, ஈஸ்ட்டைக் கொட்டினான். பழுப்புத் தூள் கொஞ்ச நேரம் மிதந்தது, நனைந்தது, அமிழ்ந்தது. மூன்று தலைகளும் குவளைமேல் குனிந்தன. கதவு மணி அடித்தது. யாரோ உள்ளே வந்து நின்றார்கள். நாங்கள் திரும்பவில்லை.

குவளையின் ஓரத்தில் கடுகளவு ஒரு குமிழி எழுந்தது.

"அது கரண்டி கலக்குனதுல வந்தது," என்றாள் அகநேத்தா, மெதுவாக.

"பொறும்மா," என்றான் கோர்னி, அதைவிட மெதுவாக.

உடையாமலும் பெரிதாகாமலும் அது அங்கேயே ஒட்டிக்கொண்டிருந்தது.