வரட்டுமா?

என் மகளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பதற்காகத்தான் அந்தப் புது ஓட்டலுக்கு அவளைக் கூப்பிட்டேன். வீட்டுக்கே கூப்பிட்டிருக்கலாம். வீடு என்றால் அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவாள். ஓட்டலில் சாப்பாடு வரும்வரை எழுந்து போக முடியாது. முப்பது வருடமாக அச்சகத்தில் பிழை திருத்துகிறவனுக்கு இந்தச் சூழ்ச்சிகூடத் தெரியாதா?

கேள்வி இதுதான்: படிப்பு முடியும்வரை என்னோடு வந்து இருக்கிறாயா? அவளுக்கு இடம் கிடைத்த கல்லூரி என் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. அவள் அம்மா வீட்டிலிருந்து போவதென்றால் இரண்டு பஸ் மாற வேண்டும். நாங்கள் பிரிந்து ஆறு வருடம் ஆகிறது. அவள் அம்மா வேறு கல்யாணம் செய்துகொண்டாள். மகள் அங்கிள் என்று கூப்பிடும் அவர் நல்ல மனிதர்தான். எவ்வளவு தேடியும் அவரிடம் ஒரு குறை கிடைக்கவில்லை, அதுதான் எனக்குக் குறை. மகள் மாதம் ஒருமுறை வருவாள். மற்ற நாளெல்லாம் நான் ஏங்கிப்போய்க் கிடக்கிறேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை "அப்பா" என்று கத்தினால் என் வாய்வரை பதில் வந்துவிடுகிறது.

ஒரு மாதமாக ஜன்னல் பக்கத்து அறையை ஒழித்தேன். பழைய புரூஃப் கட்டுகளைப் பேப்பர் கடைக்குப் போட்டேன். கட்டிலுக்கு அளவெடுத்தேன், மேசை வாங்கினேன். நீலமா மஞ்சளா என்று பெயிண்ட் கடைக்காரரின் உயிரை நாலு தடவை வாங்கி, கடைசியில் நீலம் அடித்தேன். அவளிடம் மட்டும் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

ஓட்டல் எங்கள் தெருமுனையில், முன்பு சைக்கிள் கடை இருந்த இடத்தில். திறந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. நாற்காலிகளின் பிளாஸ்டிக் உறையைக்கூடக் கிழிக்கவில்லை. அசைந்தால் சத்தம் போட்டது. பெயிண்ட் வாசனைக்கும் மீன் வறுக்கும் வாசனைக்கும் நடுவில் நாங்கள் உட்கார்ந்தோம்.

முதலாளிக்கு ஊரே திரும்பிப் பார்க்கும் குரல். "வாங்க புரூஃப் சார்! பொண்ணா? இந்தாம்மா, இந்த மெனு கார்டைத் திருத்திக் குடுத்ததே உங்கப்பாதான். இதுல நீ ஒரு தப்பு கண்டுபிடிச்சிட்டா இன்னிக்கு சாப்பாடு ஓசி!"

அவர் அந்தப் பக்கம் போய் அரை நிமிடம் ஆகியிருக்காது.

"அப்பா, மூட்டைப் பொரியல்னா என்னப்பா?"

"எங்க?"

"இங்க பாருங்க. சாக்கு மூட்டையா, மூட்டைப்பூச்சியா?"

பார்த்தேன். முட்டைக்கு ஒரு சுழி கூடி மூட்டையாகியிருந்தது. எண்ணூறு பக்கப் புத்தகத்தில் ஒரு புள்ளி விட்டுப்போனால் பிடிக்கிற என் கண்ணுக்கு, ஒற்றை அட்டையில் இவ்வளவு பெரிய மூட்டை தெரியவில்லை. அதைத் திருத்திய வாரம் என் புத்தி முழுக்கக் கட்டிலின் நீளத்தில் இருந்தது. அப்போதே அதைச் சொல்லியிருக்கலாம். "கண்ணு மங்கிப்போச்சும்மா" என்றேன்.

அவள் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். சிரிப்பு முற்றினால் அவளுக்கு விக்கல் வரும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அன்றும் வந்தது. தண்ணீரை நீட்டினேன். இந்தச் சிரிப்பும் விக்கலும் தினமும் இன்னொரு வீட்டில் நடக்கின்றன என்று நினைத்துக்கொண்டே டம்ளரை மறுபடி நிரப்பினேன்.

சாப்பாடு வந்தது. அவள் சாப்பிட்டுக்கொண்டே பேசினாள். எங்க வீட்ல புதுசா செடி வச்சிருக்கோம், எங்க வீட்ல குழாய் ஒழுகுது, எங்க வீட்ல எல்லாரும் அந்த சீரியல்தான் பாக்கறோம். நான் மூன்று முறை கேள்வியை எடுத்தேன். முதல் முறை "உப்பு சரியா இருக்கா?" என்று வந்தது. இரண்டாம் முறை "இன்னொரு மீன் சொல்லட்டுமா?" மூன்றாம் முறை என்ன கேட்டேன் என்று எனக்கே நினைவில்லை. பயம்தான். அவள் இல்லை என்று சொல்லிவிட்டால் அந்த அறைக்குள் நான் எப்படிப் போவேன்?

அவள் கைபேசி அடித்தது. பார்த்துவிட்டு எழுந்தாள். "அங்கிள் வண்டியோட வெளிய நிக்கறாருப்பா." பையைத் தோளில் மாட்டிக்கொண்டே கேட்டாள்.

"அப்ப, வரட்டுமாப்பா?"

கிளம்புகிற எவரும் சொல்வதுதான். போகும்போதுதான் வரட்டுமா என்போம். பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிற சொல். ஆனால் ஒரு மாதமாக ஒரே கேள்வி ஓடிக்கொண்டிருந்த மண்டைக்கு, அவளே அதைக் கேட்டுவிட்டதாகப் பட்டது. உங்களோடு இருக்க வரட்டுமா என்று.

"வாம்மா! இதையெல்லாம் கேக்கணுமா? ரூம் ரெடியா இருக்கு. கட்டில் வந்தாச்சு. மேசையை ஜன்னலை ஒட்டிப் போட்டிருக்கேன், படிக்க நல்ல வெளிச்சம். நீலம் அடிச்சிருக்கேன், பிடிக்கலைன்னா மாத்திடலாம்…"

அவள் கை தோள்பட்டையிலேயே நின்றது.

"அப்பா… நான் கிளம்பறேன்னு சொன்னேன்."

கல்லாவில் இருந்த முதலாளி குனிந்து எதையோ தேட ஆரம்பித்தார்.

"எந்த ரூம்ப்பா?"

"ஒண்ணுமில்லம்மா."

"சொல்லுங்க."

மீன் முள்ளைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மறுபடி உட்கார்ந்தாள்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேப்பா. தினம் காலையில கொண்டுபோய் விடறேன்னு அங்கிள் சொல்லிட்டாரு. நான் திரும்பி வர்ற நேரத்துக்கு வீட்ல இருக்கணும்னு அம்மா வேலை நேரத்தையே மாத்திக்கிட்டாங்க. நான் இல்லன்னா அம்மாவால முடியாதுப்பா." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள். "நீங்கதான் தனியா இருந்து பழகிட்டீங்களே."

பழகவில்லை என்று சொல்ல நினைத்தேன். ஒரு நாள்கூடப் பழகவில்லை. சொன்னால் அவள் அழுதுகொண்டே போய் வண்டியில் ஏறுவாள்.

"ஆமாம்மா" என்றேன்.

வெளியே ஹார்ன் ஒருமுறை மெதுவாக ஒலித்தது. அதிலும் மரியாதை. அவள் எழுந்து என் தோளைத் தொட்டுவிட்டு நடந்தாள். வாசலில் நின்று திரும்பினாள். வழக்கமான சொல்லுக்கு வாயெடுத்தவள், பாதியில் நிறுத்திக்கொண்டாள். இன்னொரு முறை அதைச் சொல்லி எனக்கு ஆசை காட்டக் கூடாது என்று நினைத்திருப்பாள். என் மகள் அல்லவா, வேறு சொல்லைத் தேடினாள்.

"போறேன்ப்பா."

போறேன் என்று நாம் யாரும் சொல்வதில்லை. பிள்ளைகள் வாய் தவறிச் சொன்னால், போயிட்டு வரேன்னு சொல்லு என்று அந்த இடத்திலேயே திருத்துவோம். நானே அவளை எத்தனையோ முறை திருத்தியிருக்கிறேன். அவளும் அதை எதிர்பார்த்தோ என்னவோ, ஒரு நொடி நின்றாள்.

நான் திருத்தவில்லை. "சரிம்மா, பாத்துப் போ" என்றேன்.