கால்குலேட்டர் சொன்ன தேதி

நான் உண்டாகியிருக்கிறேன் என்று சொன்னதும் என் கணவர் அஸ்லம் துபாயிலிருந்து போனிலேயே அழுதார். கல்யாணமாகி ஏழு வருடம் காத்திருந்தவர் அழத்தான் செய்வார். அந்தச் சந்தோஷம் ஒரு வாரம் தாங்கவில்லை, வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார்.

கடைசியாக மாதவிலக்கான தேதியைப் போட்டால் கரு உண்டான நாளைச் சொல்கிற ஏதோ ஒரு கால்குலேட்டர். அது சொன்ன நாளுக்கு நான்கு நாள் முன்பே அவர் விமானம் ஏறிவிட்டார்.

தேதியை எடுத்துக் கொடுத்தது மாமியார்தான். அஸ்லம் ரம்ஜானுக்கு லீவில் வந்து, பெருநாள் முடிந்த வாரமே கிளம்பியவர். மாதவிலக்கானால் நோன்பு வைக்கக் கூடாது, நோன்பு மாதத்தில் மருமகளுக்கு அது வந்தால் வீட்டில் மறைக்க முடியுமா? ரம்ஜான் இருபத்தேழாம் நாள் அன்று எல்லோரும் நோன்பிருக்க, நான் மட்டும் அடுப்படியில் திரும்பி நின்று தண்ணீர் குடித்தேன். மகன் வந்திருந்தும் இந்த மாதமும் தங்கவில்லையே என்று மாமிக்கு அன்று வயிற்றெரிச்சல். அதனால் நாள் மறக்கவில்லை.

வீட்டுக்குள் பேசினால் மாமி காதில் விழும் என்று ஊருக்கு வெளியே உப்பளத்து வரப்பில் நின்று அஸ்லமுக்குப் போன் போட்டேன்.

"யாருன்னு மட்டும் சொல்லு ஷமீமா. நான் சத்தம் போடல" என்றார்.

"சத்தமே போடுங்க. இதுக்கு அது தேவலாம்."

"கொழந்த பொறக்கட்டும், டெஸ்ட் எடுத்துப் பாக்கலாம். அதுவரைக்கும் கிளியனூர்ல உங்கம்மா வீட்ல போய் இரு."

உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் என்னையே பார்த்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

மறுநாள் மாமியை விடாப்பிடியாக இழுத்துக்கொண்டு திண்டிவனத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டினேன்.

"இது குத்துமதிப்பா சொல்ற தேதிம்மா" என்றார் அவர். "விந்தணு உள்ள போனா அஞ்சு நாள் வரைக்கும் உயிரோட இருக்கலாம். அதுக்குள்ள முட்டை வெளிய வந்தா கரு தங்கும். அவர் ஊருக்குப் போனப்புறமும் தங்கலாம்."

"அவ்ளோ நாளா? அன்னிக்கே செத்துடாதா?" என்று மாமி வாயைப் பிளந்தார்.

"எல்லாம் சாகாதுங்க."

பஸ் ஸ்டாண்டு வருவதற்குள் மாமி ஆளே மாறிவிட்டார். "எல்லாம் அல்லாஹ்வோட நாட்டம்மா" என்று மைசூர்பாகு வாங்கி என் வாயில் ஊட்ட வந்தார். கையைத் தட்டிவிடத்தான் தோன்றியது. மகனுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொல்லி, என்னிடம் நீட்டினார்.

"மன்னிச்சிடு ஷமீமா. நானும் இப்பதான் நெட்ல பாத்தேன், அஞ்சு நாள்னுதான் போட்டிருக்குது. நமக்கு நாலுதானே? கரெக்டா இருக்குது. எனக்கு இப்பதான் உயிரே வந்துச்சு."

சிரித்தார். ஏழு வருடம் கூட வாழ்ந்தவளை நம்பாதவர், நெட் சொன்னதும் நம்பிவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏங்க, நமக்கு ஆறு நாள்னு வந்திருந்தா?"



"அதான் வரலையே. இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?" என்றார்.

போனை மாமி கையில் கொடுத்துவிட்டுக் கிளியனூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன்.