நாலு லாரிக்கு நடுவில்

எண்பத்தேழில் இட ஒதுக்கீடு கேட்டு ரோட்டில் புளியமரங்களை வெட்டிப் போட்டபோது, கள்ளக்குறிச்சிக்கு வந்திருந்த லாரிகள் அப்படியே நின்றுவிட்டன. மூட்டை ஏறவில்லை, இறங்கவில்லை. லோடுமேன்களான எங்கள் வீடுகளில் அடுப்பும் எரியவில்லை. ஏற்கெனவே மழை பொய்த்துக் காடு கழனியெல்லாம் காய்ந்து கிடந்தது. பட்ட காலிலேயே படும் என்று எங்களைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார்கள்.

அந்த நேரம் பார்த்து ரைஸ்மில்லில் ஒரு வாட்ச்மேன் வேலை காலியானது. கேட்டுப் போனவர்கள் இரண்டு பேர். ஒருவன் சின்னராசு, நெல் மூட்டையை ஒற்றையாளாக லாரியில் ஏற்றுகிறவன். இன்னொருவன் அவன் மனைவி ராஜாம்பாளின் தம்பி பிச்சைமுத்து, ஊதினால் பறந்துவிடுவான். முதலாளி மகன் சிவசங்கர் மெட்ராஸில் படித்துவிட்டு, குத்துச்சண்டைப் பைத்தியத்தோடு ஊர் திரும்பியிருந்தான். படிப்பு ஏறியதோ இல்லையோ, திமிர் ஏறியிருந்தது. இரண்டு பேரும் மோதுங்கள், கடைசியில் நிற்கிறவனுக்கு வேலை என்று சொல்லி, கிளவுஸை எடுத்துப் போட்டான்.

மில் வாசலில் நின்ற நாலு லாரிகளுக்கு நடுவே தார்ப்பாய்க் கயிற்றைச் சுற்றிக் கட்டினோம்.

சின்னராசு விளையாட்டாகத்தான் குத்த ஆரம்பித்தான். அந்த விளையாட்டுக்கே பிச்சைமுத்துவின் உதடு கிழிந்தது. அடுத்த குத்தில் மூக்கு உடைந்து ரத்தம் நெஞ்சில் வழிந்தது. விழுந்தான், எழுந்தான். விலாவில் ஒன்று வாங்கி வெறும் தண்ணீராக வாந்தியெடுத்தான். உள்ளே வேறு எதுவும் இல்லை. கூட்டம் விசிலடித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுபடியும் விழுந்தவனிடம் சின்னராசு குனிந்து கையை நீட்டினான்.

"போதும் மச்சான், செத்துகித்துப் பூடப் போற. எந்திரி, வூட்டுக்குப் போலாம்."

பிச்சைமுத்து எழுந்தான். எழுகிற வேகத்திலேயே, குனிந்திருந்தவன் முகவாயில் கீழிருந்து குத்தினான். சின்னராசு சரிந்து, லாரி பம்பரில் வலது கை மடங்க விழுந்தான். எலும்பு முறிந்த சத்தம் எங்களுக்கெல்லாம் கேட்டது. அத்தோடு விட்டிருக்கலாம். பிச்சைமுத்து அவன்மேல் ஏறி உட்கார்ந்து கண்ணிலும் வாயிலும் குத்தினான். அழுதுகொண்டே குத்தினான். நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து இழுக்க வேண்டியிருந்தது. சிவசங்கர் அவன் கையைத் தூக்கிப் பிடித்து, காலையிலேயே வேலைக்கு வரச் சொன்னான்.

ராஜாம்பாள் கைக்குழந்தையோடு கயிற்றுக்குள் நுழைந்தாள். புருஷனின் தொங்கிப்போன கையைத் தொட்டுப் பார்த்தாள். கை போன லோடுமேனுக்கு என்ன மிச்சம் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. தம்பியை அறையப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் குழந்தையை, கயிற்றோரம் தரையில் உட்கார்ந்துவிட்ட அவன் மடியில் வைத்தாள்.

"காது குத்துறப்ப மாமன் மடியில ஒக்கார வெக்கணும்னு இருந்தேன். இப்பவே வச்சிக்கினு ஒக்காரு. வேல ஒனக்குன்னா இவன் வயிறும் ஒனக்குத்தான்."

"அக்கா" என்றான்.

கிளவுஸ் கட்டிய கையால் பிள்ளையைப் பிடிக்க முடியவில்லை. முழங்கைகளால் நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். குழந்தை அவன் மூக்கில் வழிந்ததைத் தொட்டுப் பார்த்து, விரலை வாயில் வைத்துச் சப்பியது. அதற்கும் பசிதான்.