வண்டி போகாத வீடு

அலுவலகத்தில் அவளுக்குச் சோதனைக்காரி என்றே பெயர். ஆம்புலன்ஸ் ஒவ்வொன்றிலும் ஒரு குட்டிக் கணினி நிரல் இருக்கும். எந்த வண்டி போவது என்று அவை தங்களுக்குள் பேசி முடிவெடுக்கும். சொல்லித்தர ஆள் வேண்டாம். பட்டுத் தெரிந்துகொள்ளும், ஒன்று கற்றதை மற்றவற்றுக்கும் சொல்லிவிடும். கெட்டிக்காரக் கழுதைகள்! அவற்றைப் பழக்கிச் சோதிக்கும் கருவி அவள் கையில் இருந்தது.

மத்தியானம் தம்பி போன் செய்தான். அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டாராம், கூப்பிட்டும் வண்டி வரவில்லையாம். அவள் திரையைப் பார்த்தாள். வீட்டுக்குப் பக்கத்திலேயே வண்டிகள் சும்மா நின்றன. எல்லாம் மாட்டேன் என்றன. காரணம் கேட்டுத் தட்டினால், பொய் அழைப்பு வரும் வீடு என்று பதில் வந்தது.

அடிப்பாவி, அந்தப் பொய்யைச் சொன்னதே அவள்தானே. சோதனை நாட்களில் தன் வீட்டு விலாசத்தைப் போட்டுக் கூப்பிடுவாள், வண்டி கிளம்பியதும் ரத்து செய்வாள். ஊரார் விலாசம் எதற்கு, அவரவர் வீட்டையே போடுங்கள் என்றவர் அலுவலகத் தலைவர். வண்டி வந்தால் காபி கொடுத்து அனுப்பலாம் என்று எல்லோரும் சிரித்தார்கள். நிஜ வேலைக்கு விடுமுன் அந்தப் பாடத்தை அழித்திருக்க வேண்டும். வண்டிகளை வேலைக்கு விடும் பிரிவினர் அழிப்பார்கள் என்று அவள் இருந்தாள், அவள் அழிப்பாள் என்று அவர்கள் இருந்தார்கள்.

தலைவர் கூட்டத்திலிருந்து ஓடி வந்தார். ஒன்றில் அழித்தால் மற்றது திரும்பச் சொல்லிக்கொடுத்துவிடும், மொத்தத்தையும் நிறுத்தினால் ஊரில் ஒரு வண்டியும் நகராது, பழையபடி கையால் அனுப்ப ஆளும் இல்லை என்றார்.

அவள் தம்பியிடம் சொன்னாள்: "பக்கத்து வீட்டு விலாசத்தைச் சொல்லிக் கூப்பிடு. வாசல்ல நின்னு நீயே உள்ள கூட்டிட்டு வா."

"அப்பாவைத் தனியா விட்டுட்டா?"

"விட்டுட்டுப் போடா."

ஒரு வண்டி அசைந்தது. அது தெருமுனை திரும்பும்வரை அவள் திரையிலேயே கண் வைத்திருந்தாள். ஏற்றியாகிவிட்டது, அப்பாவுக்கு நினைவு இருக்கிறது என்று தம்பி சொன்னதும் மேசையில் கவிழ்ந்து அழுதாள்.

நிமிர்ந்தபோது ஆறுதல் சொல்லப் பக்கத்தில் யாரும் இல்லை. எல்லோரும் ஆளுக்கொரு திரையில் தங்கள் வீட்டு விலாசத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். தலைவர் கூட்டத்துக்காக அணைத்து வைத்த போனைத் தேடிச் சட்டைப்பையைத் தடவினார். வீட்டில் அவர் மனைவி தனியாக இருந்தாள். அவர் திரையில், காலையில் மனைவி வண்டிக்கு விடுத்த அழைப்பும் மாட்டேன் என்ற பதிலும் இருந்தன. மறுபடி ஓர் அழைப்பு, மறுபடி மாட்டேன். அதற்குப் பிறகு அழைப்பே இல்லை.