விழுந்த அடைப்பு

லோஷினியின் கடைவாய்ப் பல்லில் போட்ட அடைப்பு விழுந்துவிட்டதைச் சாந்தினிதான் முதலில் பார்த்தாள். உலு திராம் பக்கத்துப் பள்ளியொன்றின் நூலகத்தில் நாற்காலி போட்டு, முதலாம் ஆண்டுப் பிள்ளைகளை ஓர் ஆய்வின் மூன்றாம் மாதப் பரிசோதனைக்காகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினான்கு வருடமாகப் பல் மருத்துவத் தாதி. குழி நரம்பை நெருங்கிவிட்டது என்று பார்த்தவுடனே தெரிந்தது.

அந்த ஆய்வு அவளுடைய கிளினிக்கின் டாக்டர் பிரேமகுமாருடையது. குழந்தைகளின் சொத்தைப் பல்லைத் தற்காலிகமாக அடைக்க இரண்டு பொருள்களில் எது நல்லது என்று ஆறு மாதம் ஒப்பிட்டுப் பார்ப்பது. ஒன்று, கிராம்பு வாசமடிக்கும் வெள்ளைப் பசை. மற்றது, பல்லோடு ஒட்டிக்கொண்டு புளோரைடும் கசியவிடும் சிமெண்டு. யாருக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்தார்கள். லோஷினிக்குப் பசை வந்தது.

அன்று மதியத்துக்குள், பசை போட்ட பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மேல் குழி வெறுமையாகிவிட்டதைச் சாந்தினி பார்த்துவிட்டாள். சிமெண்டு அநேகமாக அப்படியே நின்றது. டாக்டருக்குப் போன் போட்டாள்.

“டாக்டர், பசை நிக்க மாட்டேங்குது. விழுந்ததுக்கெல்லாம் சிமெண்டே போட்டுடட்டுமா?”

“விழுந்தா அதே பொருளத்தான் திரும்பப் போடணும்னு எழுதியிருக்கோம் இல்ல? நடுவுல மாத்தினா ஆய்வே கெட்டுப் போயிடும் லா.”

“ஒரு பிள்ளைக்கு ரொம்ப ஆழம், டாக்டர்.”

“கிளினிக் வரச்சொல்லி லெட்டர் குடுங்க. இன்னும் மூணு மாசந்தானே.”

சிமெண்டுப் பெட்டி கை எட்டும் தூரத்தில் இருந்தது. சாந்தினி லோஷினிக்காகப் பசையைக் குழைத்தாள்.

“வலிக்குமா மிஸ்ஸி?”

“வலிக்காது கண்ணு. நல்லா ஆ காட்டு.”

கடிதத்தை லோஷினியின் பையில் அவளே வைத்தாள். அச்சடித்த மலாய்க் கடிதம். எப்போது முடியுமோ அப்போது வரவும் என்றுதான் அதில் இருந்தது.

அம்மா வாசுகிக்குச் சிங்கப்பூரில் தொழிற்சாலை வேலை. பிள்ளை விழிக்கும் முன்பே கிளம்பிவிடுவாள். லீவு கிடைத்ததும் போகலாம் என்று கடிதத்தை எடுத்து வைத்தாள். பசை மறுபடியும் விழுந்துபோனது. ஐந்து வாரம் கழித்து லோஷினியின் தாடை வீங்கியது. பொன்னுக்குவீங்கி என்று நினைத்து இரண்டு நாள் பனடோல் மருந்து கொடுத்தாள். மூன்றாம் நாள் காலையில் பிள்ளையால் எச்சிலைக்கூட விழுங்க முடியவில்லை. மூச்சு இழுத்தது. மருத்துவமனையில் கழுத்தைக் கிழித்து, பல்லிலிருந்து இறங்கியிருந்த சீழை வடித்தார்கள். மூச்சுக்குத் தொண்டையில் துளை போட்டார்கள்.

விஷயம் தெரிந்து சாந்தினி ஓடினாள். வார்டு வாசலில் வாசுகி தொழிற்சாலைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தாள்.

“என் மேலதான் தப்பு மிஸ்ஸி. லெட்டர் வந்தும் நான் கூட்டிட்டு வரல.”

சாந்தினி பேசாமல் இருந்திருக்கலாம்.

“இல்லம்மா. இன்னொரு மருந்து இருந்துச்சு. அதுதான் நிக்கும்னு எனக்கு அன்னிக்கே தெரியும். தெரிஞ்சும் விழுந்ததையேதான் திரும்பப் போட்டேன்.”

வாசுகி நிமிர்ந்து பார்த்தாள்.

“பக்கத்துல இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“போயிடுங்க” என்றாள் வாசுகி. குரலை உயர்த்தவில்லை. “எம்புள்ள கண்ணு முழிக்கிறப்ப நீங்க இங்க இருக்கக் கூடாது.”

மறுநாள் பிரேமகுமார் ஆய்வுப் பாரத்தை நீட்டினார். லோஷினி பெயருக்கு நேரே, ஆய்விலிருந்து விலகினாள் என்று எழுதச் சொன்னார். சாந்தினி நடந்ததை நடந்தபடி எழுதி, நகலை மேலிடத்துக்கும் அனுப்பினாள். அந்த வாரமே யாரையும் கேட்காமல் பள்ளிக்குப் போய், பசை போட்டிருந்த மற்ற முப்பத்தாறு பிள்ளைகளுக்கும் சிமெண்டு அடைத்தாள். விசாரணை வந்தது. ஆய்வை நிறுத்தினார்கள். அனுமதியின்றிச் செயல்பட்டதற்காக அவளைத் தொலைவிலிருக்கும் ஆயர் ஈத்தாம் கிளினிக்குக்கு மாற்றினார்கள். டாக்டருக்கு எச்சரிக்கைக் கடிதத்தோடு முடிந்தது.

லோஷினி பிழைத்தாள். துளையை மூடிய பிறகும் குரல் முழுதாகத் திரும்பவில்லை. பக்கத்தில் போய்க் குனிந்தால்தான் அவள் சொல்வது கேட்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்திருந்த சாந்தினி, உலு திராம் சந்தையில் தாயையும் மகளையும் பார்த்தாள். பிள்ளை அவளைக் கண்டதும் நின்று, வாயை அசைத்து ஏதோ சொன்னது. சாந்தினி ஓரடி எடுத்து வைத்தாள். வாசுகி மகளின் தலையைத் தன் இடுப்போடு அணைத்துத் திருப்பிக்கொண்டு, மீன்கடைப் பக்கமாக நடந்துவிட்டாள்.